சொல்லாமல் விட்டது எது? கிரிட்டிக்கல் ரீசனிங்கில் அனுமானக் கேள்விகளை அணுகும் முறை

"பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஓட்டலில் எப்போது பார்த்தாலும் கூட்டம். அதனால் அங்கே சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும்."

இந்த இரண்டு வரிக்குள் ஒரு முழு வாதம் இருக்கிறது. கூட்டம் இருப்பது ஆதாரம். சாப்பாடு நன்றாக இருக்கும் என்பது முடிவு. கூட்டம் வருவதற்கும் ருசிக்கும் தொடர்பு உண்டு என்பது இரண்டுக்கும் நடுவில் சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகிறது, பக்கத்தில் வேறு கடையும் கிடையாது என்பதற்காக மட்டுமே அத்தனை பேரும் அங்கே நுழைகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாதம் அங்கேயே படுத்துவிடும். இப்படிச் சொல்லப்படாமல், ஆனால் முடிவைத் தாங்கிக்கொண்டிருக்கும் விஷயத்தைத்தான், கிரிட்டிக்கல் ரீசனிங் (வாதங்களை அலசிப் பார்க்கும் கேள்விகள்) வரும் தேர்வுகளில் அசம்ப்ஷன் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் அதை அனுமானம் என்றே எழுதுகிறேன்.

புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பலர் இந்தக் கேள்விகளை ஆங்கில வாசிப்புத் திறனுக்கான சோதனை என்று நினைத்து, அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள். ஆங்கிலம் ஓரளவு தேவைதான். ஆனால் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறவர்களும் இந்தக் கேள்விகளில் வரிசையாகத் தப்பு செய்வதைப் பார்க்கலாம். விடைகளில் எது உண்மையாகத் தோன்றுகிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதுதான் காரணம். கேள்வி கேட்பது வேறு: இந்த வாதம் நிற்பதற்கு எது தேவை? உண்மையான கூற்று வாதத்துக்குத் தேவையில்லாததாக இருக்கலாம். தேவையான கூற்று நமக்கு நம்பமுடியாததாகவும் இருக்கலாம். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

எங்கெங்கே வருகிறது

வெளிநாட்டு எம்பிஏ படிப்புகளுக்கான ஜிமேட் தேர்வில் இதன் இடம் இப்போது பெரியது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். வெர்பல் எனப்படும் மொழித்திறன் பகுதியில் 45 நிமிடத்துக்கு 23 கேள்விகள். அவை வாசிப்புப் புரிதல், கிரிட்டிக்கல் ரீசனிங் என்ற இரண்டே வகைக்குள் அடங்கிவிடுகின்றன. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வும் 2024 ஆகஸ்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் எனப்பட்ட புதிர்ப் பகுதியைக் கைவிட்டது. இப்போது மதிப்பெண் கணக்கில் சேரும் மூன்று பகுதிகளில் இரண்டு, இதே போன்ற வாதக் கேள்விகள் கொண்ட லாஜிக்கல் ரீசனிங்.

நம் ஊரில் எஸ்பிஐ, ஐபிபிஎஸ் நடத்தும் புரொபேஷனரி ஆபீசர் தேர்வுகளில் 'ஸ்டேட்மென்ட் அண்டு அசம்ப்ஷன்' என்ற பெயரில் வருவதும் இதுதான். யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான சிசாட்டில், ஒரு பத்தியைக் கொடுத்து 'இதில் கீழ்க்காணும் அனுமானங்கள் செய்யப்பட்டுள்ளன, எவை சரி?' என்று கேட்பார்கள். சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்விலும் 2020 முதல் தர்க்கப் பகுதி பத்திகளை வைத்தே அமைகிறது. அங்கேயும் இவை தலைகாட்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்றாலும், ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு குணம் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் முறை.

கேள்வியை முதலில் படியுங்கள், பத்தியை அப்புறம்

ஜிமேட், எல்சாட் போன்றவற்றில் பத்திக்குக் கீழே உள்ள கேள்வி வரியை முதலில் பார்ப்பது நல்லது. 'எதைச் சார்ந்திருக்கிறது', 'எது தேவை', 'எதை எடுத்துக்கொண்டு பேசுகிறார்' என்ற தொனியில் இருந்தால் அது அனுமானக் கேள்வி. 'எது வாதத்தை வலுவிழக்கச் செய்யும்' என்றிருந்தால் வேறு வகை. எந்த வகை என்று தெரிந்த பின் பத்தியைப் படித்தால், எதைத் தேடிப் படிக்கிறோம் என்ற தெளிவு இருக்கும்.

முடிவைப் பிடியுங்கள்

பத்தியைப் படிக்கும்போது முதல் வேலை முடிவைக் கண்டுபிடிப்பது. தேர்ஃபோர், தஸ், ஹென்ஸ், க்ளியர்லி போன்ற சொற்கள் வந்தால் பின்னால் முடிவு வருகிறது என்று பொருள். பிகாஸ், சின்ஸ் வந்தால் பின்னால் வருவது ஆதாரம். ஆனால் இந்தச் சொற்களையே நம்பியிருக்க முடியாது. முடிவு முதல் வரியிலேயே வந்துவிட்டு, மிச்சமெல்லாம் ஆதாரமாக இருக்கும் பத்திகள் நிறைய. 'சிலர் இப்படிச் சொல்கிறார்கள், ஆனால்...' என்று தொடங்கும் பத்திகளில், முடிவு பெரும்பாலும் அந்த 'ஆனால்' பக்கத்தில்தான் இருக்கும். சிலர் சொல்வதை முடிவு என்று எடுத்துக்கொண்டால் விடை தலைகீழாகப் போகும்.

சந்தேகம் வந்தால் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் 'ஏனென்றால்' போட்டுப் பாருங்கள். 'சாப்பாடு நன்றாக இருக்கும், ஏனென்றால் கூட்டம் இருக்கிறது' சரியாக ஒலிக்கிறது. 'கூட்டம் இருக்கிறது, ஏனென்றால் சாப்பாடு நன்றாக இருக்கும்' என்றாலும் ஏதோ சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். பேசுகிறவர் எதை நமக்கு நிரூபிக்கப் பார்க்கிறார்? கூட்டம் இருப்பது கண்ணால் பார்த்த விஷயம், அதை நிரூபிக்க வேண்டியதில்லை. நிரூபிக்கப் பார்ப்பது எதுவோ அதுவே முடிவு.

ஆதாரத்தோடு சண்டை வேண்டாம்

பத்தியில் ஆதாரமாகக் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். 'ஒரு நகரத்தில் காப்பி விற்பனை 30 சதவீதம் உயர்ந்தது' என்று பத்தி சொன்னால் உயர்ந்துவிட்டது. 'அதெப்படி அவ்வளவு உயரும்?' என்று கேட்பது தேர்வு நேரத்தில் வீண் வேலை. நம் சந்தேகம் முழுவதும் ஆதாரத்திலிருந்து முடிவுக்குத் தாவும் அந்தத் தாவலின் மேல்தான் இருக்க வேண்டும். பத்திரிகை படிக்கும் பழக்கமும் பொது அறிவும் உள்ளவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கும். தெரிந்த விஷயம் கண்ணில் பட்டதும் கை துறுதுறுக்கும்.

புதிதாக நுழையும் சொல்லைத் தேடுங்கள்

இடைவெளியைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து எளிய வழி இதுதான். முடிவில் இருக்கும் முக்கியச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரத்தில் இல்லாத சொல் ஏதாவது முடிவில் திடீரென்று நுழைந்திருக்கிறதா? ஓட்டல் உதாரணத்தில் 'நன்றாக' என்பது அப்படி நுழைந்தது. அனுமானம் பெரும்பாலும் அந்தப் புதுச் சொல்லையும் பழைய ஆதாரத்தையும் இணைக்கும் இடத்தில் இருக்கும்.

கொஞ்சம் சிக்கலான ஒன்று. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் மீட்டர் வைத்து, பயன்படுத்தும் அளவுக்கேற்பப் பணம் வசூலிக்க முடிவு செய்கிறது. 'மீட்டர் வந்தால் வீடுகளில் தண்ணீர்ப் பயன்பாடு குறையும். ஆகவே லாரித் தண்ணீருக்குச் சங்கம் செய்யும் செலவு குறையும்' என்கிறார் செயலாளர். சென்னையில் குடியிருப்பவர்களுக்கு இந்த உரையாடல் பழக்கமானதே. இங்கே ஆதாரம் பேசுவது பயன்பாட்டின் அளவைப் பற்றி. முடிவு பேசுவது செலவைப் பற்றி. அளவு குறைந்தால் செலவு குறையும் என்று நாம் யோசிக்காமலே தாண்டிப் போகிறோம். லாரித் தண்ணீரின் விலை அந்தச் சேமிப்பை விழுங்கும் அளவுக்கு ஏறாது என்பது இங்கே ஓர் அனுமானம். மிச்சமாவது கிணற்றுத் தண்ணீராக மட்டும் இருந்து லாரிகளின் எண்ணிக்கை அப்படியே தொடராது என்பது இன்னொன்று. ஒரு வாதத்துக்கு ஒரே ஓர் அனுமானம்தான் என்று கட்டாயமில்லை. கேள்வியில் அவற்றில் ஒன்று மட்டும் விடையாக வரும். நீங்கள் யோசித்து வைத்தது வராமல் வேறொன்று வந்தால் திகைக்காதீர்கள்.

மறுத்துப் பார்ப்பது

இனி வருவதுதான் இந்தக் கேள்விகளின் உயிர்நாடி. ஒரு விடையை எடுத்து, அதை மறுத்து, மறுத்ததை வாதத்துக்குள் போட்டுப் பாருங்கள். வாதம் சரிந்தால் அந்த விடை வாதத்துக்குத் தேவையான ஒன்று. வாதம் அசையாமல் நின்றால் அந்த விடை தேவையில்லாதது. கூரையைத் தாங்குகிற தூணா, அழகுக்கு வைத்த தூணா என்பது அதை உருவிப் பார்த்தால்தான் தெரியும்.

முழுதாக ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

கடந்த ஆண்டின் தொடக்கத்தில் நகராட்சி மார்க்கெட் சாலையில் வேகத்தடைகள் அமைத்தது. அதற்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் கடந்த ஆண்டு அந்தச் சாலையில் விபத்துகள் பாதியாகக் குறைந்தன. ஆகவே விபத்துகள் குறைந்ததற்கு வேகத்தடைகளே காரணம்.

இந்த வாதம் எந்த அனுமானத்தைச் சார்ந்திருக்கிறது?

அ) மார்க்கெட் சாலையில் முன்பு நடந்த எல்லா விபத்துகளுக்கும் அதிவேகமே காரணம்.
ஆ) விபத்தைக் குறைக்க வேகத்தடையைவிடச் சிறந்த வழி வேறு இல்லை.
இ) கடந்த ஆண்டு மார்க்கெட் சாலையில் ஓடிய வண்டிகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டில் இருந்ததைவிடப் பாதியாகக் குறைந்துவிடவில்லை.
ஈ) மற்ற சாலைகளில் வேகத்தடை அமைத்தால் அங்கேயும் விபத்துகள் குறையும்.
உ) வேகத்தடை அமைப்பதற்கு முன் நகராட்சி போக்குவரத்துப் போலீசாரிடம் ஆலோசனை கேட்டது.

முதலில் படிக்கும்போது பலருக்கு 'அ' சரியென்று படும். வேகத்தடை வேகத்தைத்தானே குறைக்கிறது, அப்படியானால் விபத்துக்கு வேகம்தானே காரணமாக இருக்க வேண்டும்? மறுத்துப் பாருங்கள். 'எல்லா விபத்துகளுக்கும் அதிவேகம் காரணம் அல்ல. சிலவற்றுக்கு வேறு காரணம்.' குடித்துவிட்டு ஓட்டியது சில, மாடு குறுக்கே வந்தது சில என்று வையுங்கள். வாதம் சரிகிறதா? இல்லை. குறைந்தது பாதி விபத்துகள்தான். அந்தப் பாதி அதிவேகத்தால் நடந்துகொண்டிருந்தவையாக இருக்கலாம். வாதம் நன்றாகவே நிற்கிறது. 'அ' உண்மையாக இருந்தால் வாதத்துக்கு உதவும், ஆனால் அது இல்லாமலும் வாதம் பிழைக்கும். தேவையும் உதவியும் வேறு.

'ஆ'வை மறுத்தால் 'இதைவிடச் சிறந்த வழி இருக்கிறது' என்று வரும். இருந்துவிட்டுப் போகட்டும். சிறந்த வழி எது என்று யாரும் இங்கே பேசவில்லை. 'ஈ' வாதத்துக்குப் பின்னால் வருவது. இந்த முடிவை ஏற்றுக்கொண்ட ஒருவர் அடுத்து சொல்லக்கூடிய ஒன்று அது, இந்த முடிவைத் தாங்குவது அல்ல. 'உ' வெறும் தகவல்.

'இ'யை மறுத்தால்? 'மார்க்கெட் சாலையில் ஓடிய வண்டிகள் பாதியாகக் குறைந்துவிட்டன.' புறவழிச்சாலை ஒன்று அந்த ஆண்டு திறந்திருக்கலாம், லாரிகளெல்லாம் அந்தப் பக்கம் போயிருக்கலாம். வண்டியே பாதிதான் என்றால் விபத்து பாதியானதற்கு வேகத்தடையைப் புகழ வேண்டியதில்லை. வாதம் சரிந்துவிட்டது. விடை 'இ'.

இதில் கவனிக்க வேண்டியது, பத்தியில் வண்டிகளின் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை என்பது. 'பத்தியில் இல்லாத விஷயம்' என்று புதியவர்கள் முதலில் வெட்டித் தள்ளுவது இப்படிப்பட்ட விடையைத்தான். அனுமானம் என்றாலே சொல்லப்படாதது என்பதால் பத்தியில் இல்லாத ஒன்று வருவதில் ஆச்சரியமே இல்லை. இன்னொன்று, சரியான விடை 'இல்லை', 'குறையவில்லை', 'காரணம் அல்ல' என்று எதிர்மறையாக வருவது சாதாரணம். ஒரு மாற்றுக் காரணத்துக்குக் கதவைச் சாத்தும் விடைகள் அவை. முன்கூட்டியே யோசித்து வைப்பது கஷ்டம். ஆனால் கண்ணெதிரே வந்ததும் மறுத்துப் பார்த்தால் உடனே பிடிபடும்.

மறுப்பதில் நடக்கும் கோளாறு

மறுப்பு வேறு, நேர் எதிர் வேறு. இங்கே சறுக்குகிறவர்கள் அதிகம். 'எல்லோரும் வருவார்கள்' என்பதை மறுத்தால் 'எல்லோரும் வரமாட்டார்கள், ஒருவராவது வராமல் போவார்' என்று வரும். 'ஒருவரும் வரமாட்டார்' என்று எடுத்துக்கொண்டால் அது மிகையான மறுப்பு. அப்படி மிகையாக மறுத்தால் எந்த வாதமும் சரியத்தான் செய்யும். தப்பான விடை சரியாகத் தோன்றும். மேலே 'அ'வில் 'எந்த விபத்துக்கும் வேகம் காரணம் அல்ல' என்று மறுத்துப் பாருங்கள், வாதம் உடனே விழும். அப்படித்தான் அந்தப் பொறி வேலை செய்கிறது.

'சிலர்' என்பதன் மறுப்பு 'ஒருவர்கூட இல்லை'. 'பெரும்பாலானோர்' என்பதன் மறுப்பு 'பாதிப் பேர் அல்லது அதற்கும் குறைவு'. 'இது நடந்தால் அது நடக்கும்' என்பதை மறுத்தால் 'இது நடந்தும் அது நடக்காமல் போகலாம்'. இதிலிருந்து ஒரு விஷயம் தெரியும்: 'சிலர்', 'ஓரளவாவது' போன்ற மென்மையான சொற்களோடு வரும் விடையை மறுத்தால் மறுப்பு பலமாக இருக்கும், அதனால் வாதத்தை வீழ்த்த வாய்ப்பு அதிகம். 'எல்லா', 'மட்டுமே', 'ஒரே வழி' என்று உரக்கப் பேசும் விடையை மறுத்தால் மறுப்பு மென்மையாகிவிடும். தேவையான அனுமானம் பெரும்பாலும் அடக்கமான வாக்கியமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் இதைக் குருட்டு விதியாக வைத்துக்கொள்ளாதீர்கள். பத்தியின் முடிவே 'எல்லா மாணவர்களும்' என்று பேசினால், விடையிலும் 'எல்லா' வரலாம்.

எல்சாட் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே இரண்டு வகை உண்டு. 'வாதம் எந்த அனுமானத்தைச் சார்ந்துள்ளது' என்றால் தேவையானதைக் கேட்கிறார்கள், மறுத்துப் பார்க்கலாம். 'எதை ஏற்றுக்கொண்டால் முடிவு சரியாக நிறுவப்படும்' என்றால் போதுமானதைக் கேட்கிறார்கள். அங்கே மறுப்புச் சோதனை உதவாது. 'எல்லா', 'மட்டுமே' என்று உரக்கப் பேசும் விடைதான் அங்கே பெரும்பாலும் சரி. 'கூட்டம் நிறைந்த எல்லா ஓட்டலிலும் சாப்பாடு நன்றாக இருக்கும்' என்பதை ஏற்றுக்கொண்டால் நம் ஓட்டல் வாதம் நூற்றுக்கு நூறு நிரூபணமாகிவிடும். அதே வாக்கியம் முதல் வகைக் கேள்வியில் தப்பு.

அடிக்கடி வரும் இடைவெளிகள்

காரண காரியம் முதலிடம். மேலே வேகத்தடையில் பார்த்தது அதுதான். மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொண்டால் போதும்: வேறு காரணம் இருக்குமா, காரணமும் விளைவும் இடம் மாறியிருக்குமா, வெறும் தற்செயலா. திட்டம் போடும் வாதங்களில் திட்டம் வேலை செய்யுமா, குறுக்கே ஏதாவது நிற்குமா என்பது கேள்வி. எண்ணிக்கையும் சதவீதமும் கலந்து வந்தால் மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு பள்ளியில் 90 பேர் தேர்ச்சி, இன்னொன்றில் 40 பேர் தேர்ச்சி என்றால் எது நல்ல பள்ளி என்று எழுதியவர்களின் எண்ணிக்கை தெரியாமல் சொல்ல முடியாது.

ஒரு சிலரை மட்டும் மாதிரியாக எடுத்து எல்லோரைப் பற்றியும் முடிவு சொல்லும் வாதங்களுக்கு வரலாற்றிலேயே அருமையான உதாரணம் உண்டு. 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்று இதழ் அறிவித்தது. ஜெயித்தவர் அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட். 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம். லாண்டனுக்குக் கிடைத்தவை மெயினும் வெர்மான்ட்டும்தான். சீட்டு அனுப்பிய முகவரிகளில் பெரும்பகுதி டெலிபோன் புத்தகங்களிலிருந்தும் கார் பதிவுகளிலிருந்தும் எடுத்தவை. பொருளாதார வீழ்ச்சி தாக்கியிருந்த அந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். சீட்டு வந்தவர்களிலும் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்கள் கால்வாசிப் பேர்தான். 'எங்களுக்குப் பதில் போட்டவர்கள் நாட்டின் வாக்காளர்களைப் போன்றவர்கள்' என்ற அனுமானம் யாரும் சொல்லாமலே நடுவில் உட்கார்ந்திருந்தது. அதே தேர்தலில் மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு கருத்துக் கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார். மாதிரி எவ்வளவு பெரியது என்பதைவிட யாரிடம் எடுத்தது என்பது முக்கியம். தேர்வில் 'ஆய்வில் பங்கேற்றவர்கள்', 'கருத்துக் கணிப்பில்' என்று கண்ணில் பட்டால் இந்த இதழை நினைத்துக்கொள்ளுங்கள்.

வங்கித் தேர்வும் சிசாட்டும்

வங்கித் தேர்வில் பத்தி இருக்காது. பெரும்பாலும் ஓர் அறிவிப்பு, ஒரு விளம்பரம், ஒரு வேண்டுகோள், ஓர் அறிவுரை. அங்கே கேட்பது, இதைச் சொன்னவர் எதை மனதில் வைத்துக்கொண்டு சொல்லியிருப்பார் என்பது. 'உங்கள் பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கி வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.' இதன் பின்னால் இருப்பவை: சிலர் சொல்லிவிடக்கூடும், சொன்னால் அது தவறாகப் பயன்படக்கூடும், கேட்டுக்கொண்டால் மக்கள் ஓரளவாவது காதில் போட்டுக்கொள்வார்கள். கடைசியில் சொன்னது பலருக்கு உறுத்தும். 'நம் ஆட்கள் யார் கேட்கப்போகிறார்கள்?' என்பார்கள். ஆனால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தால் வங்கி அறிவிப்பே வெளியிடாது. அதேசமயம், 'எல்லா வாடிக்கையாளர்களும் இதைக் கண்டிப்பாகப் பின்பற்றுவார்கள்' என்று கொடுத்தால் அது அனுமானம் அல்ல. விளம்பரத்திலும் இதே கதை. 'எங்களிடம் சேருங்கள், மூன்று மாதத்தில் ஆங்கிலம் பேசுங்கள்' என்பதில் ஆங்கிலம் பேச ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்ற அனுமானம் உண்டு. வேறு யாரும் இதைச் சொல்லித்தருவதில்லை என்பது கிடையாது. தப்பான விடைக்கு இந்தத் தேர்வுகளில் கால் மதிப்பெண் கழியும்.

சிசாட் இன்னும் இறுக்கமானது. 80 கேள்வி, 200 மதிப்பெண், இரண்டு மணி நேரம். 33 சதவீதம் எடுத்தால் போதும். தகுதித்தாள்தானே என்று அலட்சியமாக விட்டு முதல்நிலையிலேயே வெளியேறுகிறவர்கள் உண்டு. ஒரு சரியான விடைக்கு 2.5, தப்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போகும். இங்கே பத்தியின் சாரத்தோடு ஒட்டி நிற்கும் அனுமானத்தைத்தான் ஏற்கிறார்கள். பத்தி விவசாயக் கடனைப் பற்றிப் பேசினால், விவசாயத்தைப் பற்றி நாம் படித்த நல்ல கருத்து ஒன்று விடையில் உட்கார்ந்திருக்கும். முதல் தாளான பொது அறிவுத் தாளுக்கு நிறையப் படித்தவர்களைத்தான் அது முதலில் இழுக்கும். 'இரண்டும் இல்லை' என்பதும் நேர்மையான விடையே. அதைத் தேர்ந்தெடுக்கக் கூச்சப்படாதீர்கள். யுபிஎஸ்சி தன் இணையதளத்தில் முந்தைய ஆண்டுக் கேள்வித்தாள்களை வைத்திருக்கிறது. தனியார் மாதிரித் தேர்வுகளைவிட அவற்றில் பழகுவது மேல். அனுமானக் கேள்விகளை எழுதுவது கடினமான வேலை, அவசரத்தில் தயாரித்த மாதிரித் தாள்களில் விடையே சண்டைக்குரியதாக இருக்கும்.

பழகும் விதம்

ஆரம்பத்தில் நேரம் பார்க்காதீர்கள். ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: முடிவு, ஆதாரம், இடைவெளி. பிறகு ஒவ்வொரு விடைக்கும் மறுப்பை முழு வாக்கியமாக எழுதுங்கள். மனதுக்குள் மறுக்கும்போதுதான் 'எல்லோரும்' என்பது 'ஒருவரும் இல்லை' ஆகிவிடும். எழுதினால் அந்தத் தப்பு கண்ணில் படும். தமிழிலேயே எழுதலாம், அதில் குறைவொன்றுமில்லை. கை பழகிய பிறகு நேரத்தைக் குறையுங்கள். ஜிமேட் வெர்பலில் ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஐந்து விடையையும் மறுத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அங்கே சம்பந்தமில்லாத மூன்றை வெட்டிவிட்டு, மிஞ்சும் இரண்டுக்கு மட்டும் மறுப்பைப் பயன்படுத்துங்கள்.

அனுமானத்தைப் பிடிக்கத் தெரிந்தால் பக்கத்துக் கேள்வி வகைகளும் இலவசமாகக் கைக்கு வரும். வாதத்தை வலுவிழக்கச் செய்வது எது என்றால், அந்த அனுமானத்தை உடைப்பது. வலுப்படுத்துவது எது என்றால், அதை உறுதி செய்வது. எதைத் தெரிந்துகொண்டால் வாதத்தை மதிப்பிடலாம் என்றால், அந்த அனுமானம் உண்மையா பொய்யா என்பதை. இன்ஃபரன்ஸ் கேள்விகள் மட்டும் வேறு. அங்கே பத்தியிலிருந்து எது வெளியே வருகிறது என்று கேட்கிறார்கள், இங்கே பத்திக்குள் எது ஒளிந்திருக்கிறது என்று கேட்கிறார்கள்.

கடைசியாக, நீங்களே செய்து பார்க்க ஒன்று. விடையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாவட்டத்தில் ஐந்து ஆண்டுகளில் சர்க்கரை நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை இரு மடங்காகியிருக்கிறது. இந்தக் காலத்தில் மக்கள்தொகை பெரிதாக மாறவில்லை. ஆகவே அந்த மாவட்டத்தில் சர்க்கரை நோய் வருகிறவர்கள் அதிகரித்துவிட்டார்கள்.

அ) சர்க்கரை நோய் உள்ள எல்லோரும் பரிசோதனைக்கு வருகிறார்கள்.
ஆ) எண்ணிக்கை கூடியதற்கு, முன்பே நோய் இருந்தும் தெரியாமலிருந்தவர்கள் இப்போது பரிசோதனையில் கண்டறியப்பட்டது மட்டுமே காரணம் அல்ல.
இ) மாவட்டத்தில் மக்களின் உணவுப் பழக்கம் மாறியிருக்கிறது.
ஈ) பக்கத்து மாவட்டங்களில் எண்ணிக்கை இந்த அளவு உயரவில்லை.

ஆதாரத்தில் 'கண்டறியப்பட்டவர்கள்', முடிவில் 'நோய் வருகிறவர்கள்'. சொல் மாறிவிட்டது, இடைவெளி அங்கேதான். 'ஆ'வை மறுத்தால் உயர்வு முழுவதும் பரிசோதனை பெருகியதால் வந்தது என்றாகும், முடிவுக்கு ஆதாரமே இல்லாமல் போகும். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போல வீட்டுக்கே வந்து சோதிக்கும் திட்டம் ஒன்று ஒரு மாவட்டத்துக்கு வந்தால், நோய் கூடாமலே எண்ணிக்கை கூடும். 'அ'வின் மறுப்பு 'சிலர் பரிசோதனைக்கு வருவதில்லை' என்பதுதான், அதனால் வாதத்துக்கு ஒன்றும் ஆகாது. 'இ' உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நோய் கூடியதற்கு உணவுதான் காரணம் என்று வாதம் எங்கேயும் சொல்லவில்லை. உணவு மாறாமல் வேறு ஏதாவது காரணத்தால் நோய் கூடியிருந்தாலும் முடிவு நிற்கும். 'ஈ' ஒரு வார்த்தையும் உதவாது, பக்கத்து மாவட்டத்தைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. விடை 'ஆ'.